ஒன்பது மாம்பழமும் ஒரு காப்ளரும்

எனக்குச் சமைக்கத் தெரியாது. இந்த வயதில் இதைக் கூச்சமில்லாமல் சொல்கிறேன். கல்யாணமான புதிதிலேயே சொல்லித் தொலைத்திருந்தால் எவ்வளவோ சங்கடம் மிச்சமாயிருக்கும். அப்போது வாய் வரவில்லை. படித்த பெண் என்ற கௌரவம் தடுத்தது.

குற்றம் முழுக்க என்னுடையது என்றும் சொல்லமாட்டேன். ஏழு வயதில் என்னைப் பாளையங்கோட்டையில் பெண்கள் போர்டிங் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே மணி அடித்தால் எழுந்திருப்போம், மணி அடித்தால் ஜெபிப்போம், மணி அடித்தால் தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் உட்காருவோம். சோறு எப்படி வெந்தது, குழம்பு எப்படிக் கொதித்தது என்பதெல்லாம் மதிலுக்கு அந்தப் பக்கத்து விவகாரம். பதினோரு வருஷம் அப்படியே கழிந்தது. பரீட்சை தேறி, அதே பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புக்கு உபாத்தியாயினி ஆனேன். முப்பது சிறுமிகளை ஒரு பார்வையில் உட்கார வைக்கத் தெரியும். ஒரு படி அரிசிக்கு எவ்வளவு தண்ணீர் என்று கேட்டால் முழிப்பேன்.

சமையல் என்று நான் கற்றது ஒன்றே ஒன்று. எங்கள் பள்ளிக்கூடத்தை நடத்திய மிஸ்ஸியம்மா அமெரிக்கா தேசத்தில் பிறந்தவர். ஒரு கோடை விடுமுறையில் ஊருக்குப் போகாமல் தங்கிவிட்ட எங்கள் நாலைந்து பேரைப் பங்களாவுக்குக் கூப்பிட்டு, அவருடைய தாயார் வீட்டில் செய்யும் காப்ளர் என்ற பலகாரத்தைச் செய்து காட்டினார். பாத்திரத்தின் அடியில் பழத்துண்டுகள், சர்க்கரை, ஒரு துண்டு வெண்ணெய். அதன் மேல் மாவையும் பாலையும் சோடா உப்பையும் சேர்த்துத் தளரப் பிசைந்து, கை போன போக்கில் கிள்ளிக் கிள்ளிப் போட வேண்டியது. பிறகு மூடி, கீழேயும் மேலேயும் தணல் வைத்தால் பழம் கொதித்துப் பாகாகி, மாவு பொங்கிச் சிவந்துவிடும். இதைவிட எளிதான பலகாரம் பூமியில் கிடையாது, கை கால் உள்ள யாரும் செய்துவிடலாம் என்றார் மிஸ்ஸியம்மா. நான் கவனமாகப் பார்த்தேன். என் கையால் ஒன்றும் செய்யவில்லை, பார்த்தேன். அதையே கற்றுக்கொண்டதாக நினைத்துக்கொண்டேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்துக்கு முன்னே பின்னே எனக்குக் கல்யாணமானது. மாப்பிள்ளை கோர்ட்டில் குமாஸ்தா. வீடும் பாளையங்கோட்டையிலேயே, பள்ளிக்கூடத்து மணி காதில் விழுகிற தூரம். வீட்டில் எங்கள் இருவரைத் தவிர என் மாமியார் ஒருத்திதான். அத்தை என்று கூப்பிடுவேன். சின்ன வயதிலேயே கணவனை இழந்து, ஒற்றையாளாக மகனை ஆளாக்கியவள். எழுத்து வாசனை கிடையாது. ஆனால் வேதக்கோயிலில் குருவானவர் வசனம் ஒன்றைத் தப்பாகச் சொன்னால் முதலில் தலை நிமிர்வது அவள்தான். அவள் வைக்கும் புளிக்குழம்பின் வாசத்துக்குத் தெருவில் போகிறவர்கள் நடையைத் தளர்த்துவார்கள். இப்படிப்பட்டவள் வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தேன்.

முதல் வாரம் சோறு கரிந்தது. இரண்டாம் வாரம் குழைந்தது. மூன்றாம் வாரம் அவள் உப்பு போட்ட குழம்பில் நானும் உப்பு போட்டேன். அத்தை சத்தம் போடவில்லை. குழம்பைத் தள்ளி வைத்துவிட்டு மோர் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுப் போனாள். அதற்கு அவள் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

அந்த மே மாதக் கடைசியில் மிஸ்ஸியம்மா ஆள் அனுப்பினார். என் வகுப்பை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை, பள்ளிக்கூடம் திறக்கும்போது நான் வந்துவிட வேண்டும், மாமியாரிடம் பேசச் சனிக்கிழமை நாலு மணிக்கு அவரே வீட்டுக்கு வருகிறார் என்று செய்தி. எனக்குத் தரையில் கால் பாவவில்லை. அந்த முப்பது சிறுமிகளின் எண்ணெய் வழிந்த தலைகளும், சாக்குக்கட்டி வாசமும் எனக்கு எவ்வளவு வேண்டியிருந்தன என்பது அப்போதுதான் தெரிந்தது. என் வீட்டுக்காரர் பைய விஷயத்தைத் தன் தாயாரிடம் எடுத்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"சோறு வடிக்கத் தெரியல. இவ போயி ஊரான் பிள்ளைகளுக்கு என்னத்தச் சொல்லிக்குடுக்கப் போறா?" என்றாள் அத்தை. "மொதல்ல அடுப்புல உருப்படியா ஒண்ணு செய்யட்டும். பொறவு பாப்போம்."

ஆக, உருப்படியாக ஒன்று செய்தால் பள்ளிக்கூடம். செய்யாவிட்டால் ஆயுசுக்கும் அடுப்பு. எனக்குச் சட்டென்று காப்ளர் நினைவுக்கு வந்தது. அத்தைக்கு முன்னே பின்னே தெரியாத பலகாரம். தெரியாததில் குற்றம் கண்டுபிடிக்க முடியாது. மிஸ்ஸியம்மாவுக்கோ தாயார் வீட்டுப் பலகாரம், மறுக்க மாட்டார். இரண்டு பேரையும் ஒரே சட்டியில் மடக்கிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். வீட்டுக்காரரிடம் ரகசியமாகச் சொல்லி ரொட்டிக்கடையிலிருந்து ஒரு பொட்டலம் வெள்ளை மாவு வாங்கிவரச் செய்தேன்.

வெள்ளிக்கிழமை விடியுமுன் அத்தை மாட்டுவண்டி கட்டிச் சீவலப்பேரிக்குப் புறப்பட்டாள். அங்கே அவளுடைய அக்காள் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு அக்காளைக் கூட்டிவர வேண்டும், சனிக்கிழமை நாலு மணிக்குள் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு என்ன விசேஷம் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அடுப்பு ஒன்றரை நாள் என் வசம் என்ற சந்தோஷத்தில் எனக்கு வேறொன்றும் ஓடவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் சாமான்களை எடுத்து வைத்தபோதுதான் பழம் இல்லை என்பது உறைத்தது. இரண்டு கறுத்த வாழைப்பழம் தொங்கின. வீட்டுக்காரர் கோர்ட்டிலிருந்து திரும்ப நாலு மணியாகும். புது மருமகள் தனியாகச் சந்தைக்குப் போக முடியாது. என்ன செய்வதென்று தெரியாமல் அடுப்பங்கரையில் நின்றேன். அப்போது மாம்பழ வாசம் அடித்தது.

கொல்லையில் அத்தை வைத்த ஒட்டு மாமரம் ஒன்று உண்டு. வைத்து ஏழு வருஷத்துக்குப் பிறகு அந்த வருஷந்தான் முதன்முதலாகக் காய்த்தது. ஒன்பதே காய். அணில் கடிக்காமல் ஒவ்வொன்றுக்கும் ஓலைக்கொட்டான் கட்டி, காலையும் மாலையும் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தாள். முந்தின வாரம் ஒன்பதையும் பறித்தாள். எங்கே வைத்தாள் என்று காட்டவில்லை. பழுத்துவிட்டதா அத்தை என்று நான் கேட்டதற்கு, அதெல்லாம் அது பழுக்கும்போது பழுக்கும் என்று பதில் வந்தது. இப்போது மூக்கைப் பிடித்துக்கொண்டு போனேன். வாசம் என்னைப் பிடியரிசிப் பானைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தியது.

எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைக் கோயிலுக்கென்று தனிப் பானையில் போடுவோம். மாதக் கடைசியில் கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை வந்து வாங்கிப் போவார். அந்தப் பானையில் போடுவதற்குக் கை நுழையலாம். எடுப்பதற்கு யாருடைய கையும் நுழையாது. அரிசிக்குள் கை விட்டேன். முழங்கை ஆழத்தில் வெதுவெதுப்பாக ஒரு மாம்பழம் தட்டுப்பட்டது.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. என் கண்ணில் படக்கூடாது என்றுதானே யாரும் தொடாத பானையில் ஒளித்து வைத்திருக்கிறாள்? அக்காளும் தங்கையுமாக உட்கார்ந்து தின்பதற்கு! மருமகளுக்கு ஒரு கதுப்புக்கூடக் கிடையாது! அரிசிதான் ஆண்டவருடையது, மாம்பழம் இந்த வீட்டு மாம்பழம் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். ஒன்பதையும் எடுத்தேன். ஒட்டியிருந்த அரிசியை ஒரு மணி விடாமல் தட்டிப் பானையிலேயே போட்டேன். கோயில் அரிசியைத் திருடினேன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது பாருங்கள்.

காப்ளருக்கு நாலு பழம் போதும். ஒளித்து வைத்தவளுக்கு ஒன்றுகூட மிஞ்சக் கூடாது என்று ஒன்பதையும் தோல் சீவி நறுக்கி, அகலமான மண்சட்டியில் போட்டேன். சீனி அத்தையின் பூட்டிய பெட்டிக்குள் இருந்தது. அதனால் கருப்பட்டியைத் தட்டிப் போட்டேன். வெண்ணெய் தாராளமாக இருந்தது. மாவைப் பாலில் பிசைந்தேன். சோடா உப்பு எவ்வளவு என்பதில்தான் கொஞ்சம் தடுமாற்றம். மிஸ்ஸியம்மா போட்டது அவருடைய சின்ன ஸ்பூனால். எங்கள் வீட்டில் இருந்ததிலேயே சின்னது நெய்க் கரண்டி. அது அந்த ஸ்பூனைப் போல மூன்று பங்கு என்பது அன்றைக்கு என் கண்ணுக்குத் தெரியவில்லை. ஒரு கரண்டி போட்டேன். நன்றாகப் பொங்க வேண்டுமே என்ற ஆசையில் இன்னொரு கரண்டியும் போட்டேன்.

பிறகு சட்டியை மூடி, மேலே சிரட்டைத் தணலைப் பரப்பி, புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். அரை மணி கழித்து மூடியைத் தூக்கினேன். நம்ப முடியவில்லை. மாவு சட்டி விளிம்பு வரைக்கும் பொங்கி, நல்ல செம்பு நிறத்தில் சிவந்து, ஓரங்களில் மாம்பழப் பாகு கொப்பளித்துக்கொண்டிருந்தது. மிஸ்ஸியம்மா பங்களாவில் வந்ததுகூட இவ்வளவு அழகாக வரவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. இந்தக் கையிலா சோறு குழைந்தது என்று கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

நாலு மணிக்குச் சரியாக மிஸ்ஸியம்மா வந்தார். வாசலிலேயே மூக்கை உயர்த்தி நின்றுவிட்டார். முகம் சின்னப்பிள்ளை முகமாக மாறியது. நாற்காலியில் உட்கார்ந்ததும் கைப்பையைத் திறந்து, எங்கே போனாலும் உடன் கொண்டுபோகும் தன் ஸ்பூனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அந்த நேரத்தில் வண்டியும் வந்தது. அத்தையும் அவள் அக்காளும் இறங்கினார்கள்.

அத்தை மிஸ்ஸியம்மாவுக்கு ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு, அக்காளின் கையைப் பிடித்து நேராக அடுப்பங்கரைக்கு இழுத்துக்கொண்டு போனாள். பழத்தை இப்பவே காட்டுகிறேன் வா என்று சொல்வது காதில் விழுந்தது. பானைக்குள் கையை விட்டாள். இன்னும் ஆழமாக விட்டாள். பிறகு தோள் வரைக்கும் விட்டாள். நான் சட்டியின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

"ஏட்டி, இதுக்குள்ள இருந்தது எங்க?"

நான் சட்டியைக் காட்டினேன்.

அத்தை தரையில் உட்கார்ந்துவிட்டாள். "ஆண்டவருக்கு நேந்ததுட்டி அது. மொதப்பழம்," என்றாள். குரல் எழும்பவே இல்லை.

மரத்தின் முதல் பழம் கோயிலுக்கு என்பது எங்கள் ஜனங்களில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். எனக்குந்தான் தெரியும். நாளைக்குப் பீடத்தில் வைப்பதற்காக, கோயிலுக்கான அரிசியிலேயே அவள் பழுக்க வைத்திருக்கிறாள். நானோ அவளுக்குத் திருட்டுப் பட்டம் கட்டி, வஞ்சம் வைத்து, ஒன்றைக்கூட மிச்சம் வைக்காமல் நறுக்கித் தள்ளியிருக்கிறேன். என் மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது. ஒரு பழமாவது விட்டு வைத்திருக்கக் கூடாதா?

கொஞ்ச நேரத்தில் அத்தை எழுந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பழம் ஆண்டவருடையது என்றால் பழத்தில் செய்த பலகாரமும் ஆண்டவருடையதுதான், நாளைக்குப் பீடத்துக்குப் போகும்வரை யாரும் ஒரு விரல்கூட வைக்கக் கூடாது என்று சொல்லி, வெள்ளைத்துணி ஒன்றை எடுத்துச் சட்டியின் வாயைக் கட்டினாள். முன்னறையில் மிஸ்ஸியம்மா ஸ்பூனும் கையுமாகக் காத்திருந்தார். அவருக்கு நான் கறுத்த வாழைப்பழம் இரண்டையும் காப்பியையும் கொண்டுபோய் வைத்தேன். நடந்ததை அத்தையே அவரிடம் சொல்லிவிட்டாள். மிஸ்ஸியம்மா பெருமூச்சு விட்டு, ஸ்பூனைத் துடைத்து, திரும்பப் பைக்குள் வைத்தார். பள்ளிக்கூட விஷயம் என்ன என்று கேட்டதற்கு, நாளைக்குக் கோயில் முடியட்டும் என்று அத்தை எழுந்துவிட்டாள். எனக்கு முடிவு தெரிந்துபோயிற்று. ஆண்டவர் பங்கில் கை வைத்தவளை யார் வெளியே அனுப்புவார்கள்?

மறுநாள் கோயிலில் பெண்கள் பக்கத்தில், அத்தைக்கும் அவள் அக்காளுக்கும் நடுவில் பாயில் உட்கார்ந்திருந்தேன். பீடத்துக்கு முன்னால் ஒரு பூசணிக்காய், முருங்கைக்காய்க் கட்டு, கால் கட்டிய சேவல். அவற்றின் நடுவில் வெள்ளைத்துணி கட்டிய என் மண்சட்டி. காணிக்கை கொண்டுவருகிறவர்கள் எதற்காகக் கொடுக்கிறார்கள் என்பதை ஒரு சீட்டில் எழுதி முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும். குருவானவர் அதைச் சபையாருக்கு வாசிப்பார். அத்தையின் சீட்டு வியாழக்கிழமையே போயிருந்தது. அவள் சொல்லச் சொல்ல எழுதியவர் என் வீட்டுக்காரர். மனிதர் என்னிடம் மூச்சு விடவில்லை.

குருவானவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்தார். "தன் வீட்டுக்கு நல்ல மருமகளைத் தந்ததற்காக ஒரு சகோதரி ஸ்தோத்திரத்தோடு படைப்பது, ஒன்பது மாம்பழங்கள்."

சபை முழுவதும் மாம்பழத்தைத் தேடியது. குருவானவரும் சீட்டைப் பார்த்தார், பீடத்தைப் பார்த்தார், பூசணிக்காய்க்குப் பின்னால்கூட எட்டிப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு அழுதேன். கரிந்த சோற்றையும் இரட்டை உப்புக் குழம்பையும் பார்த்துவிட்டு, மோரை ஊற்றிக்கொண்டு, அவள் மனதுக்குள் நினைத்துக்கொண்டிருந்தது இதைத்தானா? அத்தை என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. தன் முந்தானை நுனியை மட்டும் என் மடியில் போட்டாள். அதில் மூக்கைச் சிந்தினேன்.

ஆராதனை முடிந்ததும் காணிக்கைப் பொருள்களைக் கோயில்பிள்ளை வெளியே வேப்பமரத்தடியில் ஏலம் போடுவார். சேவல் போயிற்று, பூசணி போயிற்று. சட்டியின் துணியை அவிழ்த்தபோது கூட்டம் நெருங்கி வந்தது. ராத்திரி கடந்தும் அதன் சிவப்பு மாறவில்லை. இது என்ன என்று கோயில்பிள்ளைக்குச் சொல்லத் தெரியாததால், இது ஒரு சட்டி என்று தொடங்கினார். மிஸ்ஸியம்மா உடனே ஒரு விலை கேட்டார். அத்தை அதற்கு மேல் கேட்டாள். மிஸ்ஸியம்மா ஏற்றினார். அத்தை இடுப்பு முடிச்சை அவிழ்த்துக்கொண்டே ஏற்றினாள். ஏழு வருஷம் பாத்திரம் கழுவின தண்ணியைச் சுமந்து ஊத்தினவள் நான், நான் வாய்ல வச்சுப் பாக்க வேண்டாமா என்று யாருக்கோ சொல்வதுபோல் சொன்னாள். மிஸ்ஸியம்மாவுக்குக் கேட்டுவிட்டது. அவர் புன்னகை செய்து விலகிக்கொண்டார்.

அத்தை சட்டியோடு மரத்தடியில் உட்கார்ந்து, முதல் வாயை விருந்தாளிக்கே கொடுத்தாள். மிஸ்ஸியம்மா ஸ்பூனை எடுத்து நிறைய அள்ளிச் சாப்பிட்டார். மெல்ல ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். அவருடைய நீலக்கண்களில் தண்ணீர் கட்டியது. ஒருவழியாக விழுங்கிவிட்டு, "மிகவும் ருசியாயிருக்கிறது," என்றார்.

அத்தை அந்த முகத்தை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். பிறகு ஒரு துண்டைக் கிள்ளித் தன் வாயில் போட்டாள். அவள் தாடை நின்றது. மரத்துக்குப் பின்னால் போய்த் துப்பிவிட்டு வந்தாள்.

"சவுக்காரம்," என்றாள்.

நானும் ஒரு துண்டை வாயில் போட்டேன். இரண்டு நெய்க் கரண்டி சோடா உப்பும் நாக்கில் ஏறி உட்கார்ந்தது. துணி வெளுக்கலாம். முந்தின நாள் நாலு மணிக்கே இதைத் தட்டில் வைத்திருந்தால் என் கதி என்ன என்று நினைக்கும்போதே, இனிமேல் மட்டும் என்ன கதி என்பதும் நினைவுக்கு வந்தது. உருப்படியாகச் செய்த ஒன்று இது.

அத்தைக்குத் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பயந்தேன். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் அக்காளைப் பிடித்துக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கோயில் வளாகம் என்றும் பாராமல் சிரித்தாள். மிஸ்ஸியம்மாவும் தாங்க முடியாமல் சேர்ந்துகொண்டார்.

"மிஸ்ஸியம்மா, இவள நீங்களே கூட்டிட்டுப் போங்க," என்றாள் அத்தை, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இவ அடுப்புப் பக்கம் வந்தா வீட்ல ஒருத்தரும் மிஞ்ச மாட்டோம். சோறு நான் பொங்குதேன்."

அதன் பிறகு மேல் மாவை எல்லாம் விரலால் ஒதுக்கிவிட்டு, சவுக்காரம் எட்டாத அடிப் பழத்தைத் தோண்டி எடுத்துத் தின்றாள். நல்ல பழம், சதைப்பற்று இருக்கு, கருப்பட்டியும் பழுதில்லை என்றாள். தன் மரத்துப் பழத்தை அவள் அன்றைக்குத்தான் முதன்முதலாக ருசி பார்த்தாள். ஒரு துண்டை எனக்கும் ஊட்டினாள்.

பள்ளிக்கூடம் திறந்த அன்றைக்குத் தூக்குச்சட்டியில் புளிச்சோறு கட்டிக் கொடுத்து அனுப்பினாள். அதற்குப் பிறகு நான் பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெறும் வரைக்கும் சாக்குக்கட்டி பிடித்த கையால் அகப்பையைப் பிடித்தது கொஞ்சம்தான். பிடித்த போதெல்லாம் வீட்டில் மோர் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்வார்கள்.

அடுத்த வருஷம் மரம் கூடை கூடையாகக் காய்த்தது. முதற்பழம் போன வருஷமே போய்விட்டது என்று நாங்கள் சொல்லியும் அத்தை கேட்கவில்லை. மாம்பழமாகத் தருகிறேன் என்று நேர்ந்துவிட்டுச் சவுக்காரமாகக் கொடுத்தது அவள் மனதை உறுத்திக்கொண்டிருந்தது. நல்லதாக ஒன்பது பழம் பொறுக்கி வைத்துவிட்டு, சீட்டு எழுத இந்தத் தடவை மகனைக் கூப்பிடாமல் என்னைக் கூப்பிட்டாள்.

"எழுது. என் மருமக ஒரு வருஷமா அடுப்பாங்கரைப் பக்கம் வராம காத்ததுக்காக ஸ்தோத்திரம்," என்றாள்.

சரி அத்தை என்று தலையாட்டி எழுதினேன். மடித்துக் கொடுத்தேன். அவளும் அதை இடுப்பில் செருகிக்கொண்டுபோய்த் தன் கையாலேயே குருவானவரிடம் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை குருவானவர் வாசித்தார். "நல்ல மாமியாரைத் தந்ததற்காக ஒரு மருமகள் ஸ்தோத்திரத்தோடு படைப்பது, ஒன்பது மாம்பழங்கள்."

அத்தை முகத்தைத் திருப்பவில்லை, பீடத்தைப் பார்த்தபடியே இருந்தாள். ஆனால் பாயோடு பாயாகக் கையைக் கொண்டுவந்து என் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள். அந்தக் கன்றல் ஒரு வாரம் இருந்தது.